அமெரிக்க உணவகத்தில் டிப்ஸ்: கொடுத்தும் தப்பாகப் போகிற இடங்கள்

ஒவ்வோர் ஆகஸ்டிலும் அமெரிக்காவுக்குப் புதிதாகப் படிக்க வருகிறவர்களும், வேலைக்கு வந்து முதல் சம்பளம் வாங்கியவர்களும் டிப்ஸ் விஷயத்தில் ஒரே மாதிரி இடறுகிறார்கள். சர்வர் வந்து பரிமாறும் உணவகத்தில் 15 முதல் 20 சதவீதம் வைக்க வேண்டும் என்பதை ஊரிலிருந்து கிளம்பும்போதே யாராவது சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பாலபாடம் இங்கே வேண்டாம். நல்ல எண்ணத்தோடு உட்கார்ந்தவர்களும் எங்கே தவறுகிறார்கள் என்பதை மட்டும் பார்ப்போம்.

அதற்கு முன் கூலிக் கணக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்கிறது கூட்டரசுச் சட்டம். 1991 முதல் இந்தத் தொகை மாறவில்லை. டெக்சாஸ், வட கரோலினா போன்ற மாநிலங்களில் இதுதான் நடைமுறை. டிப்ஸையும் சேர்த்து, கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு மேஜைவாரியாகப் பார்ப்பதில்லை, வாரம் முழுவதற்கும் சேர்த்துப் பார்ப்பது. நீங்கள் குறைத்து வைத்ததைப் பெரும்பாலும் மற்ற மேஜைக்காரர்கள் வைத்தது ஈடுகட்டிவிடும். அப்போது முதலாளி ஒரு சென்ட்கூடத் தர வேண்டியிருக்காது. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மின்னசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய 7 மாநிலங்களில் சர்வருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி உண்டு. அங்கேயும் டிப்ஸ் வழக்கம் அப்படியே இருக்கிறது.

“ஆளுக்கு முப்பத்திமூணு போடு மச்சி, சரியா இருக்கும்”

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வாரமே இன்னொரு மேஜையில் நடக்கும்.

ஐந்து நண்பர்கள் சாப்பிடுகிறார்கள். ஆளுக்கு 30 டாலர், மொத்தம் 150. பில் வந்ததும் ஒவ்வொருவரும் தான் சாப்பிட்டதன் விலையை மெனுவில் பார்த்து, “டிப்ஸுக்கும் சேர்த்து” 3 டாலர் கூட்டி, 33 டாலரைப் பணமாக வைக்கிறார்கள். சேர்ந்தது 165. தாராளமாகக் கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியோடு எழுந்து போகிறார்கள்.

அமெரிக்க மெனுவில் போட்டிருக்கும் விலையில் விற்பனை வரி கிடையாது. வரி 8 சதவீதம் என்றால் 150க்கு 12 டாலர், பில் 162. ஐந்து பேர் வைத்துவிட்டுப் போனதில் சர்வருக்கு மிஞ்சியது வெறும் 3 டாலர். 18 சதவீதம் என்று வைத்தால் 27 டாலர் கிடைத்திருக்க வேண்டும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. பல உணவகங்களில் ‘டிப் அவுட்’ என்று ஒரு முறை உண்டு. மேஜை துடைப்பவர், பார்டெண்டர், வாசலில் வரவேற்று உட்கார வைப்பவர் ஆகியோருக்குச் சர்வர் தன் டிப்ஸிலிருந்து பங்கு கொடுக்க வேண்டும். அந்தப் பங்கைப் பல இடங்களில் கையில் வந்த டிப்ஸை வைத்துக் கணக்கிடுவதில்லை. அந்த சர்வரின் அன்றைய விற்பனையில் இத்தனை சதவீதம் என்று எடுப்பார்கள். அது 4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 டாலர் விற்பனைக்கு 6 டாலர். வந்தது 3, கொடுக்க வேண்டியது 6. உங்கள் மேஜைக்கு ஒன்றரை மணி நேரம் தண்ணீர் ஊற்றி, தட்டு மாற்றி, அஞ்சு தடவை வந்து விசாரித்த அந்த மனிதர், பக்கத்து மேஜையில் சம்பாதித்ததிலிருந்து 3 டாலர் எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

எரிச்சல் வருவது எதனால் என்றால், அந்த ஐந்து பேரில் ஒருவர்கூடக் கஞ்சர் இல்லை. வரியை எல்லோருமே மறந்தார்கள், அவ்வளவுதான். கூட்டத்தில் “நான் ஜூஸ் குடிக்கல” என்று 4 டாலர் குறைப்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். சில்லறை இல்லாமல் முப்பதோடு நிறுத்துபவர் இன்னொருவர். கடைசியில் எண்ணிப் பார்க்கிற ஆள் குறைவதைக் கவனித்தாலும், நண்பர்களிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்.

வழி எளிது. மெனு விலையை, 1 + வரி + டிப்ஸ் என்ற எண்ணால் பெருக்குங்கள். வரி 8 சதவீதம், டிப்ஸ் 18 சதவீதம் என்றால் 1.26. முப்பது டாலர் சாப்பாட்டுக்கு உங்கள் பங்கு 37.80. மனக்கணக்கு வராதவர்கள் ஒவ்வொரு பத்து டாலருக்கும் 13 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஊர்களில் குறையாது.

இன்னும் நல்லது, ஒருவர் கார்டில் முழுப் பில்லையும் டிப்ஸோடு கட்டிவிட்டு, மற்றவர்களிடம் வென்மோ, ஜெல் போன்ற பணம் அனுப்பும் செயலிகளில் வாங்கிக்கொள்வது. தனித்தனி பில் வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு பிரிக்கச் சொன்னால், யார் என்ன சாப்பிட்டார்கள் என்று சர்வர் திரும்ப ஒவ்வொன்றாகப் பிரித்துப் பதிய வேண்டும். அந்த நேரத்தில் அவருடைய மற்ற மேஜைகள் காத்துக் கிடக்கும்.

ஏற்கெனவே சேர்த்ததைப் பார்க்காமல் மறுபடி கொடுப்பது

ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேல் போனால் பல உணவகங்கள் 18 அல்லது 20 சதவீதத்தைத் தாமே பில்லில் சேர்த்துவிடும். விற்பனை வரிக்குப் பக்கத்திலேயே ‘கிராஜுவிட்டி’ (டிப்ஸுக்கு இன்னொரு பெயர்) என்று தனித் தொகையாக இருக்கும். அதன் கீழே டிப்ஸ் எழுதக் காலி இடமும் இருக்கும். அதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் இன்னொரு 20 சதவீதம் எழுதிவிடுவார்கள். பில்லை மேலிருந்து கீழ்வரை படித்த பிறகே பேனாவை எடுங்கள்.

‘சர்வீஸ் ஃபீ’ என்று இருந்தால் அது யாருக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் தானாகக் கொடுக்கும் டிப்ஸ் ஊழியருக்கே உரியது. 2018இல் வந்த சட்டத் திருத்தப்படி முதலாளியோ மேலாளரோ அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. கட்டாயமாகப் போடும் கட்டணம் கூட்டரசுச் சட்டப்படி உணவகத்தின் வருமானம். அதில் சர்வருக்கு எவ்வளவு போகும் என்பது உணவகத்தையும் மாநிலத்தையும் பொறுத்தது. “இது உங்களுக்கு வருமா?” என்று சர்வரிடமே கேட்கலாம். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

சமையலறைக் கோபத்தை சர்வர் மேல் காட்டுவது

உப்பு அதிகம், நாற்பது நிமிடத் தாமதம், டிப்ஸ் பூஜ்யம். சமைத்தவருக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை. 2.13 டாலர் கூலி முறையைப் பயன்படுத்தும் உணவகத்தில், கட்டாய டிப்ஸ் பங்கீட்டில் சமையல்காரரைச் சேர்க்கவே சட்டம் இடம் தராது. அடிபடுவது உங்களிடம் மன்னிப்புக் கேட்ட சர்வர்தான்.

உணவு சரியில்லை என்றால் இரண்டு வாய் சாப்பிட்டதுமே சொல்லுங்கள். மாற்றித் தருவார்கள், அல்லது மேலாளர் அந்தப் பண்டத்தின் விலையைப் பில்லிலிருந்து எடுத்துவிடுவார். எடுத்த பிறகும் டிப்ஸைப் பழைய தொகைக்கே கணக்கிடுங்கள். கூப்பன் போட்டு விலை குறைந்தாலும் இதே நியாயம்தான். சர்வரே அலட்சியமாக, மரியாதையில்லாமல் நடந்துகொண்டால் 10 சதவீதம் வைத்துவிட்டு மேலாளரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் சொல்லாமல் குறைத்தால், நீங்கள் கணக்குத் தெரியாதவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

சில்லறைக் காசுகளை வைத்துவிட்டுப் போவது

வேண்டாம்.

விரல் சொடுக்கிக் கூப்பிடுவது

கண்ணைப் பார்த்து லேசாகக் கை உயர்த்தினால் போதும்.

டிப்ஸ் கணக்கிட விற்பனை வரியை இரண்டால் பெருக்கும் குறுக்குவழி

நியூயார்க் நகரில் விற்பனை வரி 8.875 சதவீதம், இரட்டித்தால் 17.75 வரும், அங்கே சரி. வரி 5, 6 சதவீதமாக உள்ள ஊர்களில் அதையே செய்தால் 10, 12 சதவீதத்தில் நின்றுவிடும். வரியே இல்லாத ஓரிகனில் பூஜ்யம். வரிக்கு முந்தைய தொகையில் பத்தில் ஒரு பங்கு எடுத்து இரட்டிப்பதே எல்லா ஊருக்கும் பொருந்தும்.

“டிப்ஸுக்குத்தான் இப்ப வரி இல்லையே”

2025 முதல் 2028 வரை, ஊழியர் தனக்கு வந்த தகுதியுள்ள டிப்ஸில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை கூட்டரசு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தங்கள் தொடர்கின்றன. கட்டாயமாகச் சேர்க்கும் கிராஜுவிட்டிக்கு இந்தச் சலுகையும் கிடையாது. குறைத்துக் கொடுக்க இது காரணமாகாது.

எல்லாத் திரைக்கும் 20 சதவீதம் அழுத்துவது

கவுன்டரில் நின்று நீங்களே வாங்கிப்போகும் காப்பிக்கும், கார்டு தேய்க்கும் கருவியின் திரை 18, 20, 25 சதவீதம் டிப்ஸ் என்று கேட்கும். அங்கே கட்டாயம் இல்லை. பஃபேயில் 10 சதவீதம், பாரில் ஒரு கோப்பைக்கு ஒன்றிரண்டு டாலர்.

கையெழுத்திட்ட சீட்டை வீட்டுக்கு எடுத்துவருவது

கார்டைத் தேய்த்ததும் இரண்டு சீட்டு வரும். உணவகத்துக்கான ‘மெர்ச்சன்ட் காப்பி’யில் டிப்ஸ், மொத்தம் இரண்டையும் எழுதிக் கையெழுத்திட்டு மேஜையிலேயே வைக்க வேண்டும். ‘கஸ்டமர் காப்பி’ உங்களுக்கு. மாற்றி எடுத்துவந்தால் நீங்கள் எழுதிய டிப்ஸ் அவர்கள் கைக்குப் போகாது. மொத்தத்தைக் கூட்டும்போது தவறினாலும் குழப்பம்தான். டிப்ஸைப் பணமாக வைத்தால் டிப்ஸ் எழுதும் இடத்தில் ‘கேஷ்’ என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். வங்கிச் செயலியில் முதலில் டிப்ஸ் இல்லாத தொகைதான் தெரியும். இரண்டு மூன்று நாளில் தொகை கூடும். நீங்கள் எழுதிய மொத்தமும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும்வரை சீட்டைத் தூக்கிப்போடாதீர்கள்.