பேன் போக வேண்டுமென்றால் சீப்பை நம்புங்கள்

பிள்ளை தலையைச் சொறியும் வரை பார்த்திருக்க வேண்டாம். முதல் தடவை பேன் பிடித்த பிள்ளைக்குக் கடி தெரிய 4 முதல் 6 கிழமை எடுக்கலாம். அதற்குள் அக்காவின் தலைக்கும் அம்மம்மாவின் தலைக்கும் ஏறிவிடும்.

பகல் வெளிச்சத்தில் விறாந்தையில் இருத்தி, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் மயிரை வகிர்ந்து பாருங்கள். பேன் எள்ளளவு இருக்கும், வெளிச்சம் பட்டதும் ஓடும். தட்டினால் உதிர்வது பொடுகு. நகத்தால் இழுத்தும் வராமல் மயிரோடு ஒட்டி நிற்பது ஈர். தோலிலிருந்து கால் அங்குலத்துக்குள் உள்ள ஈரில்தான் பெரும்பாலும் உயிர் இருக்கும். தள்ளி நிற்பது அனேகமாகப் பொரித்த வெறுங்கோது. உயிர்ப்பேன் ஒன்றாவது கண்டால்தான் வைத்தியம் தேவை.

தலையை முழுக வார்த்து, ஈரத்தோடேயே கொண்டிஷனரைத் தாராளமாகப் பூசுங்கள். அது பேனை ஓடவிடாது, சீப்பும் வழுக்கி இறங்கும். சாதாரண சீப்பால் சிக்கெடுத்தபின், பல் நெருங்கிய பேன் சீப்பைத் தோலில் முட்ட வைத்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுவைக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். எது வருகிறது என்று அதில் தெரியும். நீண்ட கூந்தலுக்கு அரை மணித்தியாலமாவது வேண்டும். அவசரப்பட்டால் பிடரியில் தப்பிவிடும்.

இதை 1, 5, 9, 13ஆம் நாட்களில் செய்யுங்கள். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் செல்லும். பொரித்த குஞ்சு வளர்ந்து ஈர் வைக்கமுன் வாரி எடுப்பதற்குத்தான் இந்தக் கணக்கு. பலர் முதல் நாளோடு விட்டுவிடுகிறார்கள். பேன் திரும்ப வருவது பெரும்பாலும் அதனால்தான்.

பாமசியில் வாங்கும் 1% பெர்மெத்ரின் லோஷன் என்றால் நேர்மாறு: முதலில் கொண்டிஷனர் போடவே கூடாது, மருந்து மயிரில் பிடிக்காது. கழுவி, துவாயால் ஒற்றிய தலையில் பூசி, 10 நிமிடத்தில் அலசுங்கள். ஈர் எல்லாம் சாகாது, ஆகவே 9ஆம் நாள் திரும்பவும் பூச வேண்டும். வீட்டில் பேன் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் செய்யுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்காமல் பூச வேண்டாம்.

மண்ணெண்ணெய், பூச்சிமருந்துத் தூள் இரண்டும் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும், நஞ்சேறும். அடுப்படியில் மண்ணெண்ணெய்த் தலை தீப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் வாருவதற்கு உதவும், ஈரைக் கொல்லாது. மொட்டையும் தேவையில்லை, பிள்ளையைக் கூசவைக்கும் பேச்சும் தேவையில்லை: சுத்தமான தலையிலும் பேன் ஏறும்.

பேன் பறக்காது, பாயாது. பெரும்பாலும் தலையோடு தலை முட்டித்தான் பரவுகிறது. பள்ளிக்கும் ரியூசனுக்கும் மயிரை இறுக்கிப் பின்னி விடுங்கள். சீப்பு, ரிபன், தொப்பி மாற வேண்டாம். தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளுக்குள் செத்துவிடும். தலையணை உறையையும் துவாயையும் சுடுதண்ணியில் தோய்த்தால் போதும். வெள்ளிக்கிழமை முழுக்கோடு ஒரு தரம் பேன் சீப்பும் போடுங்கள். சொறிந்த இடம் சீழ்ப்பிடித்தாலோ பிடரியில் நெறி கட்டினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.