மருத்துவப் படிப்பின் முதலாண்டில் சறுக்கினால் செய்யக்கூடாதவை

முதல் அனாட்டமி (உடற்கூறியல்) தேர்வில் வகுப்பிலேயே அடிமட்ட மதிப்பெண்களில் ஒன்று என்னுடையது. அந்த வாரம் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மாமாவைப் பார்த்தேன். "என்ன டாக்டர், பரீட்சை எப்படி?" என்றார். "பரவாயில்லை மாமா" என்று மழுப்பிவிட்டு மீன் கடைப் பக்கம் நழுவினேன்.

மாமாவிடம் மழுப்பியது போகட்டும். ஆசிரியரிடமும் அதையே செய்தேன். எந்தக் கேள்வியில் எதற்கு மதிப்பெண் போனது என்று கேட்கவே இல்லை. அடுத்த தேர்விலும் அதே இடத்தில்தான் அடி விழுந்தது. கூடப் படிப்பவர்கள் எல்லாரும் பள்ளியில் முதல் வரிசைக்காரர்கள். அவர்களிலும் பாதிப் பேர் கீழ்ப்பாதியில் இருந்துதானே ஆகவேண்டும்? வெட்கப்பட்டு ஒளிய இதில் என்ன இருக்கிறது!

இதைவிடப் பெரிய தவறு, பழைய முறையிலேயே இன்னும் அதிக நேரம் படிப்பது. கைக்குப் போகும் நரம்புப் பின்னலை நான்கு வண்ணங்களில் அழகாக வரைந்து, மூன்று தடவை வாசித்தேன். தேர்வில் பாதிக் கிளைகள் மறந்துபோயின. உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால். முந்தைய இரவு எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பது அதனால்தான். சரி, என்ன செய்யலாம்? புத்தகத்தை மூடிவிட்டு, வெறும் தாளில் அந்தப் பின்னலை, முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் சி5 முதல் டி1 வரையிலான நரம்பு வேர்களிலிருந்து வரையுங்கள். அப்புறம் திறந்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்பில் நிரப்புங்கள். நாளை ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. கேள்வி-பதில் அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டும் ஆன்கி செயலியும் நல்லதுதான், ஆனால் சீனியர் கொடுத்த ஆயிரக்கணக்கான அட்டைகளை அப்படியே இறக்கிக்கொண்டு திணறாதீர்கள்.

இங்குள்ள மருத்துவப் பள்ளிகளில் லீ கொங் சியான், டியூக்-என்யுஎஸ் இரண்டிலும் குழுக்கற்றல் உண்டு. முதலில் தனியாக ஒரு சிறு தேர்வு, பிறகு அதே கேள்விகளுக்குக் குழுவாகப் பதில். கெட்டிக்காரர் விடை சொல்ல, நாம் தலையாட்டிவிட்டு வந்தால் அந்த வகுப்பே வீண். தனியாகத் தப்பு விட்ட கேள்விகளை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். வாரம் நான்கு வீட்டில் டியூஷன் எடுப்பவர்கள், மறுதேர்வு முடியும்வரை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"பாஸாகிவிட்டேன், இனி அனாட்டமி வராது" என்று நினைப்பதும் தவறு. வார்டுக்குப் போனபின் ஒரு தாத்தாவைப் பார்த்தேன். மேற்கை எலும்பு முறிந்து, மணிக்கட்டு தொங்கிக் கிடந்தது. "எந்த நரம்பு?" என்றார் பெரிய டாக்டர். நான் சிவப்பு மையில் நிரப்பிய ரேடியல் நரம்புதான். அந்த எலும்பை ஒட்டி, பின்புறமாகச் சுற்றிப் போகிறது. சொன்னேன். தாத்தாவுக்கு எங்கள் ஆங்கிலம் புரியவில்லை. "தம்பி, கை மறுபடி தூக்க வருமா?" என்று என்னிடம் கேட்டார். பெரிய டாக்டரிடம் கேட்டு, பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே திரும்பிவிடும் என்று அவர் சொன்னதைத் தாத்தாவிடம் தமிழில் சொன்னேன்.