எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் வரப்போகிறதா? வசதிப் பட்டியலை இப்போதே தயார் செய்வது எப்படி

ஒரு நிறுவனம் தன் ஸ்போர்ட்ஸ் காரில் எடை குறைத்த புதிய வகையைக் கொண்டுவரப்போகிறது என்ற செய்தி கசிந்தவுடன் எல்லோரும் கேட்பது, "குதிரைத்திறன் எவ்வளவு?" இந்த வகைக் கார்களுக்கு அந்தக் கேள்வியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். சாலை என்ன சொல்கிறது என்பது ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் உடனே தெரிய வேண்டும் என்பதற்காகவே இவற்றைச் செய்கிறார்கள். அதற்கு முதலில் எடை குறைய வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இருந்துகொண்டு முதல்முறையாக இப்படியொரு காருக்குக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: முந்தைய வகையைப் படியுங்கள்

அறிவிப்பு வருவதற்கு முன்பே புதிய காரைப் பற்றிப் பெரும்பகுதி ஊகித்துவிடலாம். போர்ஷே 911 கரேரா டி நல்ல உதாரணம். 1968-ல் இருந்த பெயரை 2017-ல் மீட்டெடுத்தார்கள். 2022 அக்டோபரில் அடுத்த தலைமுறை வந்தது. எஞ்சின் அடிப்படை கரேராவில் இருந்த அதே 385 குதிரைத்திறன் எஞ்சின்தான். மெல்லிய கண்ணாடி, குறைந்த ஒலித்தடுப்பு, இலகுவான பேட்டரி, பின்னிருக்கை நீக்கம், 10 மி.மீ. தாழ்ந்த சஸ்பென்ஷன், கையால் மாற்றும் ஏழு கியர். இவ்வளவும் சேர்ந்து எடையை 1,470 கிலோவுக்குக் கொண்டுவந்தன. அடிப்படை கரேராவைவிட 35 கிலோ குறைவு. 2024-ல் வந்த புதுப்பிப்பில் தானியங்கி கியரே கிடையாது, கையால் மாற்றும் ஆறு கியர் மட்டும்.

ஜப்பானில் மாஸ்டா வெளியிட்ட ரோட்ஸ்டர் 990எஸ் இன்னும் துணிச்சலானது. 1.5 லிட்டர் எஞ்சின், 132 குதிரைத்திறன், 990 கிலோ. விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தாலும் என் பார்வையில் இந்த இரண்டும் ஒரே குடும்பம். எஞ்சினைத் தொடாமல் எதையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் காத்திருக்கும் காரிலும் அவற்றில் பாதியாவது வரும்.

இரண்டாம் படி: எடைக் கணக்கில் ஏமாறாதீர்கள்

ஒரே காருக்கு இரண்டு எடை இருக்கும். ஜெர்மனியின் டின் (DIN) எனும் தரநிலை முறையில் திரவங்களும் 90 விழுக்காடு எரிபொருளும் சேரும், ஓட்டுநர் சேரமாட்டார். ஐரோப்பிய ஒன்றிய முறையில் ஓட்டுநருக்கும் பைக்குமாக 75 கிலோ கூடும். ஆகவே ஒரு காரின் டின் எடையையும் இன்னொரு காரின் ஐரோப்பிய எடையையும் பக்கத்தில் வைத்து வாதம் செய்வது வீண். சில நிறுவனங்கள் எண்ணெய்கூட ஊற்றாத வெற்று எடையைச் சொல்லும். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சக்கரம், டயர், பிரேக் வட்டு ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அங்கே ஒரு கிலோ குறைந்தாலும் மேடுபள்ளத்தில் டயர் தரையை விடாமல் பற்றும். கூரையில் ஏறும் எடைதான் மோசம். கண்ணாடிக் கூரையோடு வளைவில் திரும்புவது, தலையில் குடத்தை வைத்துக்கொண்டு ஓடுவது போன்றது.

மூன்றாம் படி: உங்கள் சாலையை அளந்து பாருங்கள்

இதைப் பலரும் செய்வதே இல்லை, ஆனால் நம் பகுதியில் இதுதான் தலையாய வேலை. நேரான ஒரு ரீப்பர் கட்டை, ரசமட்டம், அளவு நாடா மூன்றையும் எடுத்துக்கொண்டு காலையில் போக்குவரத்து குறைந்த நேரத்தில் கிளம்புங்கள். பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் பாதையிலோ, உங்கள் தெரு முனையிலோ இருக்கும் வேகத்தடையின் உச்சியில் கட்டையை வையுங்கள். ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை கட்டையின் மறுமுனையைக் கையால் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து தார் வரை நாடாவைத் தொங்கவிட்டுப் படியுங்கள். நீங்கள் தினமும் கடக்கும் தடைகளில் எது மிக உயரமோ அதைக் குறித்து, காரின் தரை இடைவெளியோடு ஒப்பிடுங்கள். இடைவெளி போதாது என்றால், முன்பக்கத்தை உயர்த்தும் வசதியைத் தயங்காமல் போடுங்கள். போர்ஷேயில் அது மூக்கை ஏறத்தாழ 40 மி.மீ. தூக்கும். எடை சற்றுக் கூடத்தான் செய்யும். இந்தச் சாலைகளில் அது நியாயமான எடை.

கிரானைட், ஜல்லி ஏற்றிவரும் லாரிகளுக்குப் பின்னால் போக வேண்டிய ஊர் இது. முன் பம்பருக்கும் பானெட்டுக்கும் பாதுகாப்புப் படலம் ஒட்டுவதற்குப் பணம் ஒதுக்குங்கள்.

வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறினாலே இலகுவான காரின் அருமை தெரியும். தொப்பூர் கணவாய் இறக்கத்தை மட்டும் ஓட்டிப் பார்க்கும் இடமாக யாரும் நினைக்க வேண்டாம். பிரேக் பிடிக்காத லாரிகளால் அங்கே பறிபோன உயிர்கள் ஏராளம். வேகத்தைப் பார்க்க விரும்பினால், சென்னை நெடுஞ்சாலையிலேயே போனால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் இருக்கிறது. நீளம் சுமார் 3.7 கி.மீ.

நான்காம் படி: வரிசைப்படி தேர்வு செய்யுங்கள்

முதலில் இருக்கை. சாய்மானம் நகராத பக்கெட் இருக்கை எடையைக் குறைக்கும், உடம்பையும் இறுகப் பிடிக்கும். ஆனால் பக்கவாட்டு விளிம்பு உயரமாக இருக்கும். ஷோரூமில் இருக்கும் வேறு காரிலாவது அதே இருக்கையில் அரை மணி நேரம் உட்காருங்கள். முதுகை ஒட்டி அமர்ந்து கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். கிளட்சை முழுதாக மிதித்தபோதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். வேட்டி கட்டும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

அடுத்து கியர். ஓசூர் தாண்டி பெங்களூரு நெரிசலில் தினமும் போகிறவர்கள்கூட இந்த ஒரு காரில் கையால் மாற்றும் கியரையே எடுக்க வேண்டும் என்பேன்.

சக்கரத்தில், சிறிய விட்டம் கிடைத்தால் அதுவே. டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால் குழியில் ரிம் தப்பும். செராமிக் பிரேக் வட்டு அதே அளவு இரும்பு வட்டில் பாதி எடைதான் இருக்கும் என்றாலும், விலை அதிகம். சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இரும்பே போதும். கண்ணாடிக் கூரை, கூடுதல் ஒலிபெருக்கிகள், மின்விசை இருக்கைகள் வேண்டாம். குளிர்சாதனத்தை மட்டும் நீக்கிவிடாதீர்கள், சித்திரை வெயில் நமக்குத் தெரியாததா?

வண்ணம் உங்கள் விருப்பம்.

ஐந்தாம் படி: சட்டமும் பணமும்

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப்போடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றத் தடை விதிக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை உறுதிசெய்தது. சத்தம் வேண்டுமென்றால் தொழிற்சாலையே பொருத்தும் ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட்டை இப்போதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

இறக்குமதிக் காரில் நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு வசதியின் மீதும் சுங்க வரி, ஜிஎஸ்டி, அதற்கு மேல் ஆயுள் வரி ஏறும். தமிழகத்தில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 20 விழுக்காடு. பெங்களூரில் வாங்கினால் தற்காலிகப் பதிவோடு கொண்டுவந்து இங்கே நிரந்தரப் பதிவு செய்யுங்கள்: கிருஷ்ணகிரிக்கு டி.என். 24, தருமபுரிக்கு டி.என். 29, ஓசூருக்கு டி.என். 70. கர்நாடகத்தில் ஆயுள் வரி கட்டிவிட்டால் திரும்பப் பெற அலைய வேண்டியிருக்கும்.

முன்பதிவு செய்யும் அன்று, பட்டியலை எந்தத் தேதிவரை திருத்தலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அச்சிட்ட தாளில் ஒவ்வொரு வசதியின் குறியீட்டையும் உங்கள் தாளோடு ஒப்பிட்டு, பேனாவால் டிக் செய்த பிறகு கையெழுத்திடுங்கள்.