வயிறு ஒத்துக்கொள்ளாத நாய்க்குப் பூச்சி மருந்து: எதை, எவ்வளவு, எப்படி

பூச்சிக் குளிசை கொடுத்த அன்றே நாய் சத்தி எடுத்தால், "இதுக்கு மருந்து ஒத்துவராது" என்று முடிவுகட்டி, அதோடு பூச்சி மருந்தையே விட்டுவிடுபவர்கள் அதிகம். நம் பக்கத்தில் அப்படி விடவே கூடாது. கிழக்கிலங்கையில் கல்லடியிலிருந்து பொத்துவில் வரை கரையோரமெல்லாம் மணல் தரை. ஈரமும் சூடும் சேர்ந்த மணலில்தான் கொளுக்கிப்புழுவின் குடம்பிகள் நன்றாக வளரும். பாதத்தின் தோலைத் துளைத்துக்கொண்டும் உடம்புக்குள் போகும். வெறுங்காலோடு முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளையும் அவை விடுவதில்லை. ஆகவே மருந்தை நிறுத்துவது வழியல்ல. மருந்தையும் அளவையும் கொடுக்கும் விதத்தையும் மாற்றுவதுதான் வழி.

முதலில் என்ன புழு என்று பாருங்கள். மலவாயைச் சுற்றியோ படுக்கும் சாக்கிலோ காய்ந்த அரிசிமணி போல ஒட்டியிருந்தால் நாடாப்புழு. நூடில்ஸ் போல நீளமாகச் சுருண்டு விழுந்தால் வட்டப்புழு. குட்டிகளில் இதுதான் அதிகம். கொளுக்கிப்புழு கண்ணுக்குப் பிடிபடாது. மலம் தார் போலக் கறுத்திருப்பதும், உதட்டைத் தூக்கிப் பார்த்தால் முரசு வெளிறியிருப்பதும்தான் அதன் அடையாளம். அடிக்கடி வயிற்றோட்டம் போகிற நாய் என்றால், காலையில் விழுந்த மலத்தில் ஒரு தேக்கரண்டி அளவை மூடியுள்ள சிறு போத்தலில் எடுத்து, அன்றே மிருக வைத்தியரிடம் கொடுங்கள். ஜியார்டியா என்ற நுண்ணுயிரும் இதே போல வயிற்றைக் கெடுக்கும். பைரன்டல், பிரசிகுவான்டல் என்ற வழமையான பூச்சி மருந்துகள் அதைத் தொடாது.

மூன்று மருந்துகள் சேர்ந்த குளிசை (பிரசிகுவான்டல், பைரன்டல், பெபன்டல்) பாமசியில் இலேசாகக் கிடைக்கும், நல்ல மருந்துதான். ஆனால் வயிறு இளகிய நாய்க்குத் தேவையானதை மட்டும் கொடுப்பதே மேல். வட்டப்புழுவுக்கும் கொளுக்கிப்புழுவுக்கும் பைரன்டல் போதும். அது குடலுக்குள்ளேயே வேலை செய்து, இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்வதால் மென்மையானது. அளவு கிலோவுக்கு 5 மி.கி. அடுத்தது பென்பென்டசோல்: கிலோவுக்கு 50 மி.கி. வீதம் மூன்று நாள் தொடர்ந்து, சாப்பாட்டோடு. சாட்டைப்புழுவையும் இது பிடிக்கும். தெள்ளு மூலம் வரும் நாடாப்புழுவுக்கு மட்டும் இது உதவாது. அதற்குப் பிரசிகுவான்டல் கிலோவுக்கு 5 மி.கி. வேண்டும். அது கடும் கசப்பு. குளிசை நாக்கில் கரைந்ததால் வாயில் நுரை தள்ளுவதைப் பார்த்துவிட்டுப் பலர் மருந்து விஷமாகிவிட்டது என்று பயப்படுகிறார்கள்.

நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நில்லுங்கள். பிறகு தனியே ஏறி, அந்த நிறையைக் கழியுங்கள். கண்மதிப்பு வேண்டாம். 12 கிலோ நாய்க்குப் பென்பென்டசோல் ஒரு நாளைக்கு 600 மி.கி. 10 சதவீதக் கரைசலில் அது 6 மில்லிலீற்றர், 2.5 சதவீதக் கரைசலில் 24 மில்லிலீற்றர். மாட்டுக்கு வாங்கிய போத்தலிலிருந்து ஊற்றும்போது பிசகுவது இந்தச் சதவீதத்தில்தான். பைரன்டலிலும் ஒரு பொறி உண்டு. லேபலில் "பைரன்டல் எம்போனேட் 144 மி.கி." என்று இருந்தால் அதில் உள்ள பைரன்டல் 50 மி.கி. மட்டுமே. இரண்டையும் குழப்பினால் அளவு ஏறக்குறைய மூன்று மடங்கு பிழைக்கும்.

மாட்டுக்குப் போடும் லெவமிசோலையும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தையும் நாய்க்குக் கொடுக்கவே வேண்டாம். லெவமிசோலில் சரியான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வீட்டில் நமக்கென்று வைத்திருக்கும் பூச்சிக் குளிசையும் கூடாது: அல்பென்டசோல் நாயின் எலும்பு மச்சையைத் தாக்கலாம், மெபென்டசோல் ஈரலைக் கெடுக்கலாம். உள்ளி அரைத்துக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். அது புழுவைக் கொல்வதில்லை, நாயின் செங்குருதிக் கலங்களைத்தான் உடைக்கும்.

கொடுக்கும் நாள் சனி, ஞாயிறு, போயா நாளாக இல்லாமல், ஏதும் நடந்தால் வைத்தியரைப் பிடிக்கக்கூடிய ஒரு நாளின் காலையாக இருக்கட்டும். பட்டினி போடத் தேவையில்லை. வழமையான காலைச் சாப்பாட்டில் பாதியை வைத்து, முள் எடுத்து உப்பு, தூள் இல்லாமல் அவித்த சூரை மீனில் ஒரு சிறு உருண்டை பிடித்து, அதற்குள் குளிசையைப் புதைத்துக் கொடுங்கள். பின்னால் மருந்தில்லாத இன்னொரு உருண்டையை நீட்டினால் முதலாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். எருமைத் தயிரில் கலந்து கொடுக்கும் பழக்கம் இங்கே அதிகம். கொழுப்பும் பாலும் இளகிய வயிற்றைத் தாமே கலக்கும். பிறகு வயிற்றோட்டம் மருந்தாலா தயிராலா என்று பிரித்தறிய முடியாது. அந்தக் கிழமை புதுச் சாப்பாடு, தேங்காய்ப்பால் கறி, தெள்ளு மருந்து எதையும் சேர்க்காதீர்கள். நாடாப்புழு மருந்தும் தேவைப்பட்டால் ஒரு கிழமை கழித்துக் கொடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

ஒருமுறை சத்தி எடுப்பதும் ஒருநாள் மலம் இளகுவதும் நடக்கக்கூடியவை. சத்தியில் குளிசை முழுதாகக் கிடந்தால் உடனே இன்னொன்றைத் திணிக்காமல் வைத்தியருக்கு அழையுங்கள். சத்தி நிற்காவிட்டால், இரத்தம் போனால், முரசு வெளிறினால், வயிறு உப்பிய குட்டி சோர்ந்து படுத்தால் அன்றே தூக்கிக்கொண்டு போங்கள். புழு அதிகமுள்ள குட்டிகளில் செத்த வட்டப்புழுக்கள் திரண்டு குடலை அடைக்கலாம்.

குட்டிகளுக்கு 2, 4, 6, 8 கிழமைகளில் கொடுத்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கொளுக்கிப்புழு இருந்தது உறுதியானால் இரண்டு மூன்று கிழமையில் மறுபடி கொடுக்க வேண்டும், ஏனென்றால் தசைக்குள் ஒதுங்கிக் கிடக்கும் குடம்பிகள் திரும்பக் குடலுக்கு வந்து வளரும். அந்த இடைவெளியில் முற்றத்து மலத்தை அன்றன்றே அள்ளி ஆழப் புதையுங்கள், சாக்கை மாற்றுங்கள், பூச்சி மருந்து கொடுத்த கிழமை கழிந்ததும் தெள்ளுக்கும் மருந்து போடுங்கள். தெள்ளை விட்டுவைத்தால் மூன்று கிழமையில் அரிசிமணிகள் திரும்பவும் தெரியும்.