டிரெய்லர் விளக்கு மங்கியது: கோளாறு பேட்டரியில்

ஒன்டாரியோவில் காரின் பின்னால் கட்டி முகாமுக்கு இழுத்துப் போகும் எங்கள் பழைய டிரெய்லரில், 12 வோல்ட் விளக்குகள் இரவு ஒன்பது மணிக்கே மங்கிவிடும். பல்பு ஹோல்டர்களைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன், எர்த் ஒயரை மாற்றினேன், அப்புறம் ஃப்யூஸ் பெட்டியையும் கழற்றிப் பார்த்தேன். நான்கு நாள் போனதுதான் மிச்சம். குழப்பியது மீட்டர். பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது, முழு சார்ஜ் என்று நினைத்துவிட்டேன். நான்கு விளக்கையும் போட்டு பத்து நிமிடம் கழித்து அளந்தால் 11.3! சுமை இல்லாமல் அளந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

லேபிளைப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அதில் குளிரில் இன்ஜினைக் கிளப்பும் ஆம்பியர் மட்டும் இருந்தது, ஆம்பியர்-மணி (எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்ற கொள்ளளவு) எங்குமே இல்லை. அதாவது கார் ஸ்டார்ட் செய்யும் வகை. மெல்லிய ஈயத் தகடுகள், சில நொடி பெரிய மின்சாரம் தரத்தான் சரி, அடிக்கடி ஆழமாக வடிந்தால் கெட்டுவிடும். எங்கள் 18 வாட் பல்பு நான்கும் ஐந்து மணி நேரம் எரிந்தால் 30 ஆம்பியர்-மணி போய்விடும்.

ஆழமாக வடிந்தாலும் தாங்கும் டீப் சைக்கிள் வகையில், 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்த மூடிய ஈய பேட்டரி) வாங்கினேன், பாதிக்கு மேல் வடிய விடுவதில்லை. பல்புகளையும் 3 வாட் எல்இடி ஆக்கியதால் ஓர் இரவுக்கு 5 ஆம்பியர்-மணிதான். மூன்றாம் இரவு விளக்கு எரியும்போதே 12.5 இருந்தது, அப்பாடா.