விட்ட கீட்டோவை மீண்டும் தொடங்குவது எப்படி?

தீபாவளிப் பலகாரம், அடுத்தடுத்து வந்த கல்யாணங்கள், ஊருக்குப் போன இடத்தில் அத்தை கட்டாயப்படுத்தி ஊற்றிய பாயசம் என்று மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து உடலைக் கொழுப்பை எரிக்க வைக்கும் கீட்டோ உணவுமுறை நின்றுபோவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. நின்றுபோனதில் பெரிய குற்றம் எதுவும் கிடையாது. திரும்பி வருகிற விதத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தின்றதற்குப் பிராயச்சித்தம் போல முதல் நாளே பட்டினி கிடந்து, மூன்றாம் நாள் தலைவலி தாங்காமல் பிரியாணிக் கடையில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். பட்டினி வேண்டாம். கீழே சொல்லும் வரிசையில் தொடங்குங்கள்.

படி 1: மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

இடைவெளியில் உங்கள் மருந்துகள் மாறியிருக்கலாம். போன முறை கீட்டோ ஒத்துக்கொண்டது என்பதால் இந்த முறையும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியவை. இவற்றோடு கீட்டோ சேர்ந்தால், சர்க்கரை அளவு அதிகமாகத் தெரியாமலேயே ரத்தம் அமிலமாகும் கீட்டோ அசிடோசிஸ் வரக்கூடும். ரத்த அழுத்த மாத்திரைகளின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம். இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்ட பிறகுதான் அடுத்த படி. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், முதல் வகை நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, கணைய அழற்சி உள்ளவர்கள் தாமாக இதைத் தொடங்கவே கூடாது.

தொடங்கிய பிறகு விடாத வாந்தி, மூச்சிரைப்பு, கடும் வயிற்றுவலி வந்தால் அதைக் கீட்டோவின் வழக்கமான தொல்லை என்று பொறுத்துக்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

படி 2: எடை எந்திரத்தை ஒரு வாரம் ஓரமாக வையுங்கள்

சோற்றுக்குத் திரும்பிய சில நாட்களிலேயே ஒன்றிரண்டு கிலோ ஏறியிருக்கும். அது முழுக்கக் கொழுப்பு அல்ல. மாவுச்சத்து கிளைக்கோஜனாகக் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்படும்போது, ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரும் கூடவே தங்குகிறது. அதனால் முதல் வாரம் எடை வேகமாக இறங்குவதைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம், இரண்டாம் வாரம் அப்படியே நிற்பதைப் பார்த்துச் சோர்ந்துவிடவும் வேண்டாம். இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

படி 3: இரவு உணவிலிருந்து தொடங்குங்கள்

காலையில் தொடங்கினால் அன்று முழுவதும் பசியோடும் ஆசையோடும் போராட வேண்டும். இரவில் தொடங்கினால் முதல் பத்து மணி நேரம் தூக்கத்தோடு கழிந்துவிடும். சிரமமான நாட்கள் பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும் என்பதால், வேலைப் பளுவும் விருந்தாளிகளும் இல்லாத நாட்களில் அவை வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராம் மாவுச்சத்து என்பதுதான் கீட்டோவின் எல்லை. ஒரு கப் சோற்றில் மட்டும் சுமார் 45 கிராம் இருக்கிறது. நடுத்தர அளவு இட்லி ஒன்றில் சுமார் 10 கிராம். ‘ஒரு பிடி சோறு மட்டும்’ என்ற சமரசம் ஏன் பலிப்பதில்லை என்பது இதிலேயே தெரியும்.

முதல் முழு நாளின் சமையல் எளிமையாக இருக்கட்டும். காலையில் நெய்யில் செய்த ஆம்லெட். மதியம் துருவி வேகவைத்த காலிஃபிளவருடன் மீன் குழம்பு, புடலங்காய்ப் பொரியல். இரவில் கோழி வறுவலும் கீரையும். சைவர்களுக்குப் பனீர், டோஃபு, காளான், கெட்டித் தயிர், தேங்காய், பாதாம் இருக்கின்றன. சிறுதானியங்கள் இந்தப் பட்டியலில் இல்லை. தினையும் வரகும் சத்தானவை என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அவற்றின் எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். கருப்பட்டியும் தேனும் கூட உடலுக்குச் சர்க்கரையே.

படி 4: உப்பு

முதல் வாரத்தை வெல்வதும் தோற்பதும் இங்கேதான். மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் இறங்குகிறது. அதனால் சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியேற்றுகிறது, அதோடு தண்ணீரும் போய்விடுகிறது. தலைவலி, கிறுகிறுப்பு, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். அப்போது வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் இருக்கிற உப்பும் நீர்த்துப்போய் நிலைமை மோசமாகும். ஆட்டுக்கால் சூப் அல்லது உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு தம்ளர் குடித்துப் பாருங்கள். அரை மணி நேரத்திலேயே வித்தியாசம் தெரியலாம். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. இளநீரில் பொட்டாசியம் இருந்தாலும் சர்க்கரையும் இருக்கிறது, எனவே இப்போதைக்கு அதைத் தள்ளிவையுங்கள்.

படி 5: ஒளிந்திருக்கும் மாவுச்சத்தைத் தேடுங்கள்

தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை, கடை சிக்கன் 65-இல் சோள மாவு, கூட்டில் பருப்பு. எல்லாவற்றையும்விடப் பெரிய திருடன் பால் காபி. 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம் இயற்கைச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை போடாமலேயே மூன்று வேளை குடித்தால் 15 கிராம் ஆகிவிடும்.

படி 6: கொழுப்பைக் கொட்டிக் குடிக்காதீர்கள்

காபியில் வெண்ணெய் மிதக்கவிடுவது கட்டாயமில்லை. எடை குறைய வேண்டும் என்றால் உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பும் எரிய வேண்டுமே! புரதத்துக்கு முதலிடம் கொடுங்கள், கொழுப்பு வயிறு நிறையும் அளவுக்குப் போதும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, அதை வைத்துக் கணக்குப் போடலாம்.

படி 7: கீட்டோசிஸ் வந்துவிட்டதா என்று பார்ப்பது

உடல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உண்டாக்கி எரிபொருளாகப் பயன்படுத்தும் நிலைதான் கீட்டோசிஸ். பெரும்பாலானவர்களுக்கு அது இரண்டு முதல் நான்கு நாட்களில் வந்துவிடும், சிலருக்கு ஒரு வாரம் ஆகலாம். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை தொடக்கத்தில் உதவும், பிறகு அதன் நிறம் வெளிறிப்போனாலும் பதற வேண்டாம். ரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் கருவியில் லிட்டருக்கு 0.5 மில்லிமோல் தாண்டினால் கீட்டோசிஸ் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். கருவி வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. பசி அடங்குவதே நல்ல அடையாளம்.

கடைசியாக ஒன்று. கீட்டோவில் இருப்பவரின் உடல் சர்க்கரையைக் கையாளும் பழக்கத்தைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொள்கிறது. அதனால் குளுக்கோஸ் கரைசல் குடிக்க வைத்துச் செய்யும் பரிசோதனையில் முடிவு உண்மைக்கு மேல் காட்டக்கூடும். அந்தப் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாட்கள் தினமும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட வேண்டும் என்பது பொது விதி. எனவே பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போதே கீட்டோவில் இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.