அவுட்போர்டு மோட்டார் இழுக்கவில்லையா? கார்புரேட்டரைக் கழற்றும் முன்

படகின் பின்னால் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார் இழுவை இழந்தால், நம் ஆட்கள் முதலில் ஸ்பேனரோடு போவது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரிடம்தான். நானும் அப்படித்தான். சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுப் பக்கம் தூண்டில் போட்டுவிட்டுச் சாங்கிக் கரைக்குத் திரும்பும்போது, என் 40 குதிரைசக்தி டூ-ஸ்ட்ரோக் சத்தத்தை மட்டும் ஏற்றியது, படகு ஊர்ந்தது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினேன். கோளாறு இருந்ததோ புரொப்பெல்லரில். அதன் நடுவில் உள்ள ரப்பர் புஷ் வழுக்கிக்கொண்டிருந்தது. தண்டு சுற்றியது, இறக்கை கூடவே சுற்றவில்லை.

அன்று சத்தம் ஏறியதே, அதை வைத்தே கண்டுபிடித்திருக்கலாம். த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் எஞ்சின் சுற்று ஏறுகிறதா, இல்லையா? ஏறியும் வேகம் வரவில்லை என்றால் கீழே பாருங்கள்: புஷ், வளைந்த இறக்கை, சுற்றிக்கொண்ட பிளாஸ்டிக் பை. புஷ்ஷைச் சோதிக்கக் காசே வேண்டாம். புரொப்பெல்லர் நடுவின் உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் சேர்த்துப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு, ஒரு ஓட்டம் போய் வாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது.

சுற்றே ஏறவில்லை என்றாலும் எஞ்சின்தான் குற்றவாளி என்று முடிவு கட்ட வேண்டாம். நம் கடல் ஆண்டு முழுக்கச் சூடு. தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகின் அடியில் கொட்டலசு சீக்கிரமே பிடித்துவிடும். அந்தச் சுமையை நல்ல எஞ்சினாலும் இழுக்க முடியாது. த்ராட்டில் கேபிள் தளர்ந்து, கார்புரேட்டரின் தட்டு முழுக்கத் திறக்காமல் இருப்பதும் உண்டு. யாரையாவது கைப்பிடியை முறுக்கச் சொல்லி, மூடியைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். எஞ்சின் ஓட வேண்டியதில்லை.

அடுத்த தவறு, டிரம் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து "நல்லாத்தானே ஓடுது" என்பது. ஐடிலில், அதாவது த்ராட்டில் கொடுக்காமல் ஓடும்போது வேலை செய்வது கார்புரேட்டரின் சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளை). முழு வேகத்தில் பெட்ரோல் தருவது மெயின் ஜெட். சுமை ஏறாமல் அந்தக் கோளாறு தலைகாட்டாது. தண்ணீரே இல்லாமல் ஓட்டுவது அதைவிட மோசம். வாட்டர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும், அப்புறம் எஞ்சின் சூடேறும். அதிகச் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் மாடல்களும் உண்டு. ஆகவே பின்னால் பீய்ச்சும் தண்ணீரையும் கவனியுங்கள்.

பெட்ரோல் வராததைக் கண்டுபிடிப்பது எளிது. இழுவை குறையும் நேரத்தில், பெட்ரோல் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பந்தை இன்னொருவர் அமுக்கட்டும். உடனே எஞ்சின் பிடித்துக்கொண்டால், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) அல்லது காற்று இழுக்கும் குழாய் இணைப்பைச் சந்தேகப்படுங்கள். பந்து சப்பென்று ஒட்டிப்போயிருந்தால் டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கரையிலிருந்து கிளம்பி ஐந்தாறு நிமிடத்தில் எஞ்சின் சோர்ந்தால் பெரும்பாலும் அந்தத் திருகுதான். வெட்கப்பட வேண்டாம், எல்லோரும் மறந்திருக்கிறோம். ஜோகூர் நீரிணையில் நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போகும். கப்பல் பாதையை விட்டு ஒதுங்கி நங்கூரம் போட்ட பிறகே மோட்டார் மூடியைத் திறங்கள்.

ஓடும் எஞ்சினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். ஷாக் பலமாக அடிக்கும், பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் பழைய சிடிஐ பெட்டியும் போய்விடலாம். மலிவான ஸ்பார்க் டெஸ்டர் போதும்.

இழுவை இல்லை என்று பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கூடுதலாகக் கலப்பவர்களும் இருக்கிறார்கள். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் (50:1) என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 24 லிட்டர் டேங்குக்கு 480 மில்லி. அதற்கு மேல் ஊற்றினால் பிளக் கரி பிடித்து இழுவை இன்னும் குறையும். மோட்டார் சைக்கிளுக்கான 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலும் வேண்டாம், அவுட்போர்டு ஆயிலுக்கான டிசி-டபிள்யூ3 (TC-W3) முத்திரை போட்டதை வாங்குங்கள்.

பாகம் வாங்கும் முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பாருங்கள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, வயர்களை எஞ்சின் உடலோடு எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து அளக்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதம் வரை வித்தியாசம் பரவாயில்லை. ஒன்று 120, மற்றது 80 பிஎஸ்ஐ என்று வந்தால் ரிங், பிஸ்டன் அல்லது ஹெட் கேஸ்கெட். கார்புரேட்டர் கிட்டுக்கு எடுத்து வைத்த காசு பையிலேயே இருக்கட்டும்.